புயல் கூண்டும் கோயில் மணியும்



ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானொலியையோ தொலைக்காட்சியையோ திறந்தால் ஒரு செய்தி தவறாமல் நம் காதில் விழும். பாம்பனில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது, நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் அவ்வாறே என்பார்கள். சிறுவயது முதல் கேட்டுப் பழகிய செய்தி இது. ஆனால் அந்த மூன்று என்ற எண்ணுக்கு என்ன பொருள் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கடற்கரைப் பங்குகளில் பணியாற்றிய ஆண்டுகளில் அன்பியக் கூட்டங்களில் இந்தக் கேள்வியை நான் பலமுறை கேட்டதுண்டு. "நம்பர் கூடக் கூட ஆபத்து கூடும் சாமி" என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். அது பாதி சரி, பாதி தவறு.

முதல் எண் ஏற்றப்பட்டால் தொலைவில் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது என்று பொருள். இரண்டாம் எண், அது புயலாகிவிட்டது, துறைமுகத்தை விட்டுப் புறப்படும் கப்பல்கள் கவனமாக இருக்க வேண்டும் என்பதாகும். மூன்றாம் எண், துறைமுகப் பகுதியில் திடீர்க் காற்றும் மழையும் வரலாம் என்பதையும், நான்காம் எண், புயலால் துறைமுகத்திற்கே ஆபத்து வரலாம் என்பதையும் குறிக்கும். இங்கிருந்துதான் பலரும் தடுமாறுகிறார்கள். ஐந்து, ஆறு, ஏழு ஆகிய மூன்றும் ஒரே அளவு வலிமையுள்ள புயலைக் குறிப்பவை. புயல் துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுக் கடக்குமானால் ஐந்து, வலப்பக்கம் விட்டுக் கடக்குமானால் ஆறு, துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்குமானால் ஏழு. எட்டு, ஒன்பது, பத்து ஆகியவையும் அப்படியே, ஆனால் அவை கடும் புயலுக்கானவை. பதினொன்று என்பது பத்தைவிடப் பெரிய புயல் அல்ல. எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, இனி நிலைமையைத் துறைமுகமே கணித்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் பொருள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கூண்டுகள் கப்பல்களுக்காக ஏற்பட்டவை, நம் வீடுகளுக்காக அல்ல. வீட்டில் இருப்பவர்களுக்கு வானிலை ஆய்வு மையம் தருவது நிறங்கள். மஞ்சள் என்றால் நிலவரத்தைக் கவனித்துக்கொண்டே இருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். இருபத்து நான்கு மணி நேரத்தில் 6 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் பெய்தால் கனமழை, ஏறக்குறைய 12 சென்டிமீட்டரிலிருந்து மிக கனமழை, 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதிகனமழை. இவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டு நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வைப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. எச்சரிக்கை ஒரு மையத்திலிருந்து புறப்படுவது முதல் படி. அது ஊருக்கு வந்து சேர வேண்டும், சேர்ந்தது புரிய வேண்டும், புரிந்தவர்கள் எழுந்து நடக்க வேண்டும், நடந்து போய்ச் சேர ஓர் இடம் இருக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் விளைவு ஒன்றுதான். கடந்த இருபது ஆண்டுகளில் நம் கடற்கரை சந்தித்த பேரிடர்களைப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கண்ணி அறுந்திருப்பதைக் காணலாம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பப் பெருவிழா. இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்குச் சுமத்ரா தீவை ஒட்டிய கடலடியில் நிலம் நடுங்கியது. சென்னையிலும் சிலர் அந்த அதிர்வை உணர்ந்தார்கள். அலைகள் நம் கரையைத் தாக்கியபோது மணி ஏறத்தாழ ஒன்பது. இடையில் இரண்டு மணி நேரத்திற்கும் மேல் இருந்தது. ஆழ்கடலில் விமானத்தின் வேகத்தில் விரைந்து வந்த அந்த அலைகளைப் பற்றிச் சொல்ல, அன்று இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை அமைப்பு எதுவும் இல்லை. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அவர்களுள் 6,000-க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்த கரைகளில் இறந்தவர்கள். குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் நாம் தோண்டிய பொதுக் கல்லறைகளை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அதே காலையில் புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்ற மீனவக் கிராமத்தில் 3,500-க்கும் மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினார்கள். அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்தவர் உடனே வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஊரில் ஓர் அறிவு மையம் அமைத்து, அலையின் உயரம், காற்றின் வேகம், மீன் விலை முதலியவற்றை நாள்தோறும் ஒலிபெருக்கியில் அறிவித்து வந்தது. அந்த ஒலிபெருக்கியில் அன்று "எல்லாரும் ஊரைவிட்டு வெளியேறுங்கள்" என்று அறிவித்தார்கள், மக்களும் வெளியேறினார்கள். வீடுகள் சேதமடைந்தன, படகுகள் போயின, உயிர்கள் பிழைத்தன. அந்த ஒலிபெருக்கியின் குரலை மக்கள் அன்றாடம் கேட்டு நம்பிப் பழகியிருந்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஆபத்து நாளில் மட்டும் பேசும் கருவியை யாரும் உடனே நம்புவதில்லை.

இந்தோனேசியாவின் சிமெலூ தீவு நிலநடுக்கம் உண்டான இடத்திற்கு மிக அருகில் உள்ளது. அங்கே அலை வர பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். 1907-இல் அங்கே பேரலை ஒன்று ஏராளமானோரைக் கொண்டுபோயிருந்தது. அதற்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டு, பாட்டியர் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகவும் தாலாட்டாகவும் சொல்லி வந்தார்கள். நிலம் பலமாக ஆடினால், கடல் வற்றினால், மலைக்கு ஓடு. பாடம் அவ்வளவுதான். கருவி இல்லை, செயற்கைக்கோள் இல்லை. நூறு ஆண்டுகள் மறக்காத நினைவு இருந்தது.

நமக்கோ இருபது ஆண்டுகளிலேயே நினைவு மங்கத் தொடங்கிவிட்டது. சுனாமியின்போது பிறந்த குழந்தைகள் இன்று இருபது வயதைக் கடந்த இளைஞர்கள். நம் இளைஞர் இயக்கத்தில் இருப்போர் பெரும்பாலும் அந்த நாளைக் கண்ணால் காணாதவர்கள். அவர்களுக்கு நாம் சொல்லியிருப்பதும் அரைகுறையாகவே உள்ளது. உதாரணமாக, சுனாமிக்கு முன் கடல் உள்வாங்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அப்படி நம்பிக் காத்திருப்பது ஆபத்தானது. 2004-இல் தாய்லாந்து போன்ற கிழக்குக் கரைகளில் கடல் முதலில் உள்வாங்கியது. இலங்கை, இந்தியா ஆகிய மேற்குத் திசையை நோக்கி வந்ததோ முதலில் மேலெழுந்த அலை. கடலடி நிலம் ஒரு பக்கம் தாழ்ந்து மறுபக்கம் உயர்ந்ததால் ஏற்பட்ட வேறுபாடு அது. நம் கரையில் பல இடங்களில் முதல் அலை வந்து போன பிறகே கடல் வற்றியது. அந்த நேரத்தில் வேடிக்கை பார்க்கவும், துள்ளிய மீன்களைப் பொறுக்கவும், காணாமற்போனவர்களைத் தேடவும் இறங்கியவர்களை அடுத்த பெரிய அலை அடித்துச் சென்றது. சுனாமி என்பது ஒற்றை அலை அல்ல, மணிக்கணக்கில் தொடரும் அலைத் தொடர். அதிகாரப்பூர்வமாக ஆபத்து நீங்கியது என்று அறிவிக்கும் வரை கரைக்குத் திரும்பக்கூடாது. இதை நம் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு முறையேனும் சொல்லிக் கொடுத்திருக்கிறோமா?

இறந்தவர்களில் யார் அதிகம் என்பதையும் சிந்திக்க வேண்டும். கடலூர் மாவட்டத்தில் 391 பெண்களும் 146 ஆண்களும் இறந்ததாக ஆக்ஸ்பாம் நிறுவனம் 2005-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. காலை ஒன்பது மணிக்கு மீனவப் பெண்கள் எங்கே இருப்பார்கள் என்று நமக்குத் தெரியும். கரைக்கு வரும் மீனை ஏலத்தில் எடுக்கக் கூடையோடு கடற்கரையில் நிற்பார்கள், அல்லது கைக்குழந்தையோடு வீட்டில் இருப்பார்கள். ஆண்களில் பலர் நடுக்கடலில் இருந்தார்கள். அங்கே சுனாமி படகைக் கவிழ்க்கும் உயரத்தில் இருப்பதில்லை. நீந்தத் தெரியாமை, கால்களைச் சுற்றிய சேலை, இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை. தயார்நிலை பற்றிய கூட்டங்களில் ஆண்கள் மட்டுமே அமர்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

சுனாமிக்குப் பின் அரசு நிறையச் செய்தது என்பதை மறுக்க முடியாது. 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது, தேசியப் பேரிடர் மீட்புப் படை உருவானது. 2007-இல் ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை நிலையம் செயல்படத் தொடங்கியது. நிலநடுக்கம் ஏற்பட்ட சில நிமிடங்களுக்குள் முதல் அறிவிப்பை வெளியிடும் ஆற்றல் அதற்கு உண்டு. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது எச்சரிக்கை உரிய நேரத்தில் வந்தது, மக்களும் கரையை விட்டு வெளியேறினார்கள். பெரிய அலை வரவில்லை. கடலடி நிலம் மேலும் கீழும் அசையாமல் பக்கவாட்டில் நழுவியதே அதற்குக் காரணம். ஆனால் ஊரில் பேசிக்கொண்டது என்ன? "சும்மா பயம் காட்டினார்கள்" என்பதுதான். ஒரு முறை பயனற்றுப் போன ஓட்டம் அடுத்த முறை காலைக் கட்டிப்போடும். வராத அலைக்காக ஓடியது வீண் அல்ல, அது ஒரு நல்ல ஒத்திகை என்று அன்றே அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பொறுப்பு ஊர்ப் பெரியவர்களுக்கும் எங்களைப் போன்றவர்களுக்கும் உண்டு.

பிறகு ஒக்கி. 2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. மறுநாள் காலையிலேயே அது குமரிக் கடலில் புயலாகிவிட்டது. ஒரு நாள்கூட முழுதாகக் கிடைக்கவில்லை. கரையில் இருந்தவர்களுக்கு மீன்பிடிக்கச் செல்ல வேண்டாம் என்ற அறிவிப்பு வந்தது. ஆனால் நீரோடி முதல் இரையுமன்துறை வரையிலான தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் தங்கு கடலுக்குப் போகிறவர்கள். வாரக்கணக்கில் நடுக்கடலில் இருப்பவர்கள். அறிவிப்பு வருமுன்னரே அவர்கள் கரையை விட்டுப் பலநூறு கிலோமீட்டர் தாண்டியிருந்தார்கள். கைப்பேசி எட்டாது, படகிலிருந்த கம்பியில்லாக் கருவியின் எல்லையோ சில பத்து கடல் மைல்கள்தான். எச்சரிக்கை இருந்தது, அதைக் கேட்க வேண்டியவர்களின் காது எட்டாத தூரத்தில் இருந்தது.

அதைவிட வேதனையானது அடுத்து நடந்தது. கடலில் இருப்பவர்கள் எத்தனை பேர், எந்தப் படகில் யார் என்று உறுதியாகச் சொல்லும் பதிவேடு எங்கும் இல்லை. வீடு வீடாகக் கேட்டுப் பட்டியல் தயாரிக்கும் வேலை கடற்கரைப் பங்குகளின் தலையில் விழுந்தது. அரசின் எண்ணிக்கையும் பங்குகளின் எண்ணிக்கையும் பல நாள்கள் ஒத்துப்போகவில்லை. தேடுதலை விரைவுபடுத்தக் கோரி மக்கள் குழித்துறையில் ரயிலை மறித்தார்கள். தந்தையை, கணவனை, மகனை இழந்தோமா இல்லையா என்றுகூடத் தெரியாமல் கோயில் முற்றத்தில் அமர்ந்திருந்த அந்தப் பெண்களின் முகங்களை அருகிலிருந்து பார்த்த எந்தக் குருவும் பட்டியல் என்பது வெறும் காகிதம் என்று இனிச் சொல்லமாட்டார்.

அதன்பின் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி தரும் கருவிகள் வந்தன. 2019-இல் 'ஜெமினி' என்ற கருவி அறிமுகமானது. அது கடலில் எந்தத் தொலைவில் இருந்தாலும் எச்சரிக்கையைப் படகுக்குக் கொண்டுசேர்க்கும். ஆனால் படகிலிருந்து பதில் அனுப்ப இயலாது. இருவழியாகப் பேசும் கருவிகளை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024-இல் தொடங்கப்பட்டது. நல்லது. ஆனால் கருவியைப் பொருத்துவது ஒன்று, மின்னூட்டம் செய்து, இயக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு படகிலும் இருப்பது இன்னொன்று. மேலும், கடலுக்குப் போகுமுன் யார் யார் போகிறோம் என்று ஒரு நோட்டில் எழுதிவைக்க எந்தச் செயற்கைக்கோளும் தேவையில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. இம்முறை எச்சரிக்கை முன்கூட்டியே வந்தது, 80,000-க்கும் மேற்பட்டோர் முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். இல்லாவிட்டால் உயிரிழப்பு பலமடங்காகியிருக்கும். ஆனால் கடலோரத்தையே நினைத்துத் தயாரித்த திட்டம் உள்நாட்டை மறந்திருந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி பகுதிகளில் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. கடலிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி இருந்த ஊர்கள் மின்சாரமும் குடிநீரும் இல்லாமல் வாரக்கணக்கில் தவித்தன. உயிரைக் காப்பாற்றிக்கொண்ட விவசாயி காலையில் எழுந்து பார்த்தபோது அவனுடைய முப்பது ஆண்டு உழைப்பு தரையில் கிடந்தது. புதிய கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். பிழைத்தவர்கள் எதை வைத்துப் பிழைப்பது என்பதும் தயார்நிலையின் ஒரு பகுதியே. காப்பீடு என்ற சொல்லை நம் பங்குகளில் எவ்வளவு குறைவாகப் பேசுகிறோம்!

உள்நாட்டுப் பங்கு மக்கள் இதையெல்லாம் கடற்கரைக்காரர்களின் கவலை என்று ஒதுக்க இயலாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதிகனமழை என்று சொல்ல 20 சென்டிமீட்டரே போதும் என்று மேலே பார்த்தோம். தாமிரபரணி கரைபுரண்டு ஸ்ரீவைகுண்டமும் ஏரலும் துண்டிக்கப்பட்டன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. அருகிலிருந்த புதுக்குடி கிராமத்து மக்கள், தங்கள் ஊரையே வெள்ளம் சூழ்ந்திருந்த நிலையிலும், இருந்ததைச் சமைத்து முன்பின் தெரியாத அந்தப் பயணிகளுக்குக் கொடுத்தார்கள். மீட்புப் படை வந்து சேரும்வரை, அது எவ்வளவு சிறந்த படையாக இருந்தாலும், முதல் சில மணி நேரம் பக்கத்து வீட்டாரின் கையில்தான் இருக்கிறது. 2018-இல் கேரள வெள்ளத்தில் மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போய் ஆயிரக்கணக்கானோரை மீட்டதும் இதையே காட்டுகிறது.

புயலும் மழையும் இல்லாத நாளிலும் ஆபத்து உண்டு. 'கள்ளக்கடல்' என்று நம் மீனவர்கள் சொல்வதை இன்று அறிவியல் உலகமும் அதே பெயரில் ஏற்றுக்கொண்டுள்ளது. தெற்கே வெகுதொலைவில், இந்தியப் பெருங்கடலின் அடிப்பகுதியில் வீசும் காற்று எழுப்பும் பேரலைகள் பல நாள்கள் பயணம் செய்து, வெயில் அடிக்கும் அமைதியான நாளில் நம் கரையில் திடீரெனப் பொங்கும். 2024 மே 6 அன்று குமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் ஐந்து இளம் மருத்துவ மாணவர்கள் இப்படித்தான் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். எச்சரிக்கை வெளியாகியிருந்தது. வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு வானம் தெளிவாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

இங்கே விசுவாசம் சார்ந்த ஒரு கேள்வியைத் தொடாமல் இருக்க முடியாது. "எல்லாம் கடவுள் விட்ட வழி", "மாதா காப்பாற்றுவாள்" என்று சொல்லி வீட்டை விட்டு வர மறுப்போர் இன்றும் உண்டு. பெரும்பாலும் முதியவர்கள். அவர்களுடைய பக்தியை நான் குறைவாக மதிப்பிடவில்லை. ஆனால் பாலைநிலத்தில் அலகை நம் ஆண்டவரைக் கோயிலின் உச்சியில் நிறுத்தி, வானதூதர் தாங்கிக்கொள்வர், குதித்துவிடு என்று தூண்டியதை மத்தேயு நற்செய்தியில் வாசிக்கிறோம். விவிலிய வசனத்தையே மேற்கோள் காட்டித்தான் தூண்டியது. ஆண்டவர் குதிக்கவில்லை. கடவுளைச் சோதிக்கக்கூடாது என்றார். சிவப்பு எச்சரிக்கை வந்த இரவில் கடலோரக் குடிசையில் படுத்துக்கொண்டு கடவுள் பார்த்துக்கொள்வார் என்பது எந்தப் பக்கத்து வாதம் என்று நாமே எண்ணிப் பார்க்கலாம்.

மறுபக்கம், இறந்தவர்களைப் பாவிகள் என்று பேசும் கொடுமையும் உண்டு. சுனாமி அன்று வேளாங்கண்ணிப் பேராலயத்தினுள் திருப்பலியில் இருந்தவர்கள் தப்பினார்கள், வெளியே கடற்கரையிலும் கடைத்தெருவிலும் இருந்த நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். இதைச் சிலர் சான்றாகக் காட்டிப் பேசியதைக் கேட்டு மனம் நொந்திருக்கிறேன். வெளியே இருந்தவர்களும் அன்னையைத் தேடி வந்த திருப்பயணிகளே. முந்தின திருப்பலி கண்டு வெளியே வந்தவர்களும் அடுத்த திருப்பலிக்குக் காத்திருந்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். சீலோவாம் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று ஆண்டவரே பதில் சொல்லிவிட்டார். அதன்பின் நமக்குப் பேச்சில்லை.

ஒரு மாநிலமே மாறிக்காட்டிய சான்று நம் நாட்டிலேயே உள்ளது. 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2013 அக்டோபர் 12 அன்று பைலின் புயல் அதே மாநிலத்தைத் தாக்கியபோது இறந்தவர்கள் சில பத்துப் பேர். இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் கரையோரமெங்கும் புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் எழுந்தன. சாதாரண நாள்களில் பள்ளிகளாகப் பயன்படுவதால் அவை பூட்டிக் கிடப்பதில்லை. ஒவ்வொரு கட்டடத்தையும் உள்ளூர் மக்கள் குழு ஒன்று பராமரிக்கிறது. தேடுதல், முதலுதவி, எச்சரிக்கை எனப் பயிற்சி பெற்ற இளைஞர்களும் பெண்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஏறத்தாழ பத்து லட்சம் பேரைப் புயலுக்குமுன் இடம்பெயரச் செய்ய அவர்களால்தான் முடிந்தது. 2020-இல் அங்குள்ள வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாகி என்ற இரு மீனவக் கிராமங்களை, 'சுனாமிக்குத் தயாரான ஊர்கள்' என்று யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் அங்கீகரித்தது. 2024-இல் மேலும் 24 ஊர்கள் அப்பட்டியலில் சேர்ந்தன. அதற்கு அவர்கள் கேட்பவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஊரின் எந்தப் பகுதி மூழ்கும் என்ற வரைபடம், எந்த வழியாக வெளியேறுவது என்று காட்டும் பலகைகள், இருபத்து நான்கு மணி நேரமும் எச்சரிக்கையைப் பெறவும் பரப்பவும் ஓர் ஏற்பாடு, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒத்திகை முதலியவை. நம் ஊரை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் எத்தனை மதிப்பெண் கிடைக்கும்?

நம் கடற்கரையிலும் சுனாமிக்குப் பின் நூற்றுக்கும் மேற்பட்ட பல்நோக்குப் பாதுகாப்பு மையங்கள் கட்டப்பட்டுள்ளன. உங்கள் ஊருக்கு அருகில் ஒன்று இருக்குமானால், இந்த வாரமே போய்ப் பாருங்கள். சாவி யாரிடம் இருக்கிறது? இரவு இரண்டு மணிக்கு அவர் எங்கே இருப்பார்? தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் வருகிறதா? பெண்களுக்குத் தனிக் கழிவறை உண்டா, அதற்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு இல்லை என்பது பதிலானால், வயதுவந்த மகள் உள்ள எந்தத் தாயும் அங்கே வரமாட்டாள். இன்னொரு கேள்வி கசப்பானது, ஆனாலும் கேட்கத்தான் வேண்டும். சுனாமிக்குப் பின் சில முகாம்களில் தலித் மக்களும் இருளர் மக்களும் ஒதுக்கப்பட்டதும், நிவாரணம் அவர்களுக்குக் கடைசியாகப் போனதும் பதிவாகியுள்ளன. நம் மண்டபத்தில் எல்லாரும் ஒரே பாயில் படுக்க முடியுமா என்பதைப் புயல் வருமுன்பே ஊர் தீர்மானித்திருக்க வேண்டும். புயல் இரவில் அதை விவாதிக்க முடியாது.

பங்கு என்ற அமைப்பு இதற்கெல்லாம் ஏற்கெனவே பொருத்தமாக அமைந்திருக்கிறது. அன்பியம் ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து, முப்பது குடும்பங்கள். எந்த வீட்டில் படுத்த படுக்கையாக முதியவர் இருக்கிறார், எந்தப் பெண்ணுக்கு இது எட்டாம் மாதம், யார் வாரம் இருமுறை சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகிறார், எந்த வீட்டில் காது கேளாத பிள்ளை இருக்கிறது என்று அன்பியப் பொறுப்பாளருக்குத் தெரியும். வட்டாட்சியர் அலுவலகத்திற்கு அது தெரியாது. இந்த விவரத்தை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொருவருக்கும் எதிரே அவரைத் தூக்கிக்கொண்டு வர வேண்டிய இரண்டு இளைஞர்களின் பெயரையும் எழுதிவைத்தால், பாதித் திட்டம் தயாராகிவிட்டது. பிற சமயக் குடும்பங்களையும் அதே நோட்டில் சேர்க்க வேண்டும், அலை திருமுழுக்குச் சான்றிதழ் கேட்பதில்லை. ஆடு மாடுகளை எங்கே கட்டுவது என்பதையும் யோசியுங்கள். அவற்றை விட்டு வர மனமில்லாமல் வீட்டிலேயே தங்கிவிடுவோர் பலர். குடும்ப அட்டை, ஆதார், பட்டா, வங்கிப் புத்தகம், படகுப் பதிவுச் சான்று, தவறாமல் சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு, இருட்டிலும் கைக்கு எட்டும் இடத்தில் தொங்கவிடுங்கள்.

டிசம்பர் 26 அன்று நம் கடற்கரைப் பங்குகளில் நினைவுத் திருப்பலி நடக்கிறது, மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம், கடலில் மலர் தூவுகிறோம். அந்தத் திருப்பலி முடிந்ததும், பிள்ளைகளை முன்னால் விட்டு, கரையிலிருந்து மேட்டுப் பகுதி வரை ஒரு முறை நடந்து பார்க்கலாம். எத்தனை நிமிடம் ஆகிறது, எந்தச் சந்தில் கூட்டம் நெரிகிறது, எந்தச் சுவர் வழியை மறிக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். சிமெலூ தீவின் பாட்டியர் தாலாட்டால் செய்ததை நாம் கால்நடையாகச் செய்யலாம்.

கடைசியாக, மணி. ஒலிபெருக்கி நல்ல கருவிதான், ஆனால் புயலில் முதலில் போவது மின்சாரம். கோயில் மணிக்கு ஒரு கயிறும் ஒரு கையும் போதும். நம் மக்களுக்குத் திருப்பலி மணியும் மூவேளை மணியும் துக்க மணியும் கேட்டவுடன் வேறுபாடு தெரியும். ஆபத்து மணி எப்படி அடிக்கும் என்று எந்தெந்த ஊரில் முடிவு செய்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்த பங்குகளில் விசாரித்தேன், தெளிவான பதில் ஓரிரு ஊர்களில்தான் கிடைத்தது. பங்குப் பேரவையின் அடுத்த கூட்டத்திலேயே இதை முடிவு செய்யலாம். எத்தனை அடி, எவ்வளவு இடைவெளி, யார் சொன்னால் அடிப்பது, மணிக்கூண்டுச் சாவி உபதேசியாரிடம் தவிர வேறு யாரிடம் இருப்பது என்பவற்றை எழுதி, கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அதன் கீழே இந்த எண்களையும் எழுதுங்கள்: மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.